செல்லாத பணம்: ரேவதிக்கு என்ன நடந்தது என்று சொல்லாமலே முடித்தது சரியா?

அயனாவரம் வாசகன்

எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதம் இமையத்தின் ‘செல்லாத பணம்’ எடுத்துக்கொண்டோம். 2018-இல் வந்த நாவல், 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கோட்டூர்புரம் நூலகத்தில் தொடங்கிய பேச்சு வெளியே டீக்கடை வரைக்கும் வந்தும் அடங்கவில்லை. அதனால் இங்கே வைக்கிறேன். முடிவுகளைப் பற்றித்தான் பேசப்போகிறோம், படிக்காதவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி. இன்ஜினியரிங் படித்தவள். ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று, கட்டிக்கொள்கிறாள். நாவலின் பெரும்பகுதி புதுச்சேரி ஜிப்மரின் தீக்காயப் பிரிவு வாசலில் நடக்கிறது. உள்ளே ரேவதி, வெளியே குடும்பம். அப்பாவிடம் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார், ஆனால் அந்தப் பணத்தால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை. அவளே தன்மேல் தீ வைத்துக்கொண்டாளா, ரவி கொளுத்தினானா? பெற்றவர்கள் ஒன்று சொல்கிறார்கள். ரவி ஒன்று சொல்கிறான். புத்தகம் எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதவில்லை.

வட்டத்தில் ஒரு நண்பர் கொதித்துப்போய்ச் சொன்னார்: “எழுதினவருக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டால் அது ஏமாற்று வேலை.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காத்துக்கிடக்கும் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட, தீப்பற்றிய நேரத்தில் அந்த வீட்டுக்குள் இல்லை. அவர்களுக்கு எதுவரை தெரியுமோ அதுவரைக்கும் நாவல் வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது. வாசகனை மட்டும் சுவரைத் தாண்டி உள்ளே கூட்டிப்போய்க் காட்டியிருந்தால், நடேசனின் தவிப்பை நான் வெளியாளாக நின்று வேடிக்கை பார்த்திருப்பேன். இப்போது அவரோடு சேர்ந்து நானும் அந்தத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். குடும்ப நாவல்களில் முடிவைத் திறந்து வைப்பதற்கு இந்த ஒரு நியாயம்தான் உண்டு என்று நினைக்கிறேன். மற்றவர்கள் சொல்லுங்கள்.

வாடகைநூலகம்

தம்பி, நான் திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவள். ராயப்பேட்டை ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் மாத நாவல்களை அள்ளிக்கொண்டு வந்து படித்த தலைமுறை. அந்த நாவல்களில் கடைசி அத்தியாயத்தில் புருஷன் திருந்துவான், மாமியார் மனம் இரங்குவாள், பிரிந்தவர்கள் சேர்வார்கள். இலக்கியம் படிக்கிறவர்கள் அதைக் கேவலமாகப் பேசுவதைக் காலமெல்லாம் கேட்டிருக்கிறேன். ஒன்றை யோசியுங்கள். வீட்டில் ஒரு விஷயமாவது முடிகிறதா? தம்பியின் பாகப்பிரிவினை வழக்கு முடியவில்லை. நாத்தனாருக்கு வரன் அமையவில்லை. செத்துப்போன அண்ணனின் பென்ஷன் அண்ணிக்கு வந்து சேரவில்லை. இத்தனையும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காருகிறவளுக்கு, ஒரு கதையாவது முடியட்டும் என்று இருக்காதா? அந்த ஆசையில் மட்டம் என்று எதுவும் கிடையாது.

‘செல்லாத பணம்’ நானும் படித்தேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் என் கேள்வி இதுதான். ஒரு பெண் எரிந்து செத்தால் “யாருக்குத் தெரியும், என்ன நடந்ததோ” என்று சொல்லித்தான் ஊர் உலகம் கையைக் கழுவிக்கொள்கிறது. போலீஸ் அதையே சொல்கிறது, சொந்தக்காரர்கள் அதையே சொல்கிறார்கள். நாவலும் அதையே சொல்லிவிட்டுப் போகலாமா? அவளுக்காக உறுதியாக ஒரு வார்த்தை பேச ஒருவர்கூட வேண்டாமா?

கூடுவாஞ்சேரி லோக்கல்

அம்மா கேட்டது நெஞ்சில் தைக்கிற கேள்வி. எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பக்கத்திலேயே இன்னொரு நாவலை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’. கன்னடத்தில் எழுதியது, தமிழிலும் கிடைக்கிறது. ஒரே உட்காரலில் முடித்துவிடலாம், கூடுவாஞ்சேரியிலிருந்து பீச் ஸ்டேஷன் போய்த் திரும்புவதற்குள் நான் முடித்தேன். பெங்களூரில் ஒரு குடும்பம், சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணக்காரர்கள் ஆகிறார்கள். சம்பாதிப்பவர் சித்தப்பா ஒருவர்தான், அதனால் வீடு மொத்தமும் அவரைச் சுற்றி வேலி கட்டி நிற்கிறது. அவரைத் தேடிக் குழம்பு எடுத்துக்கொண்டு ஒரு பெண் வாசலுக்கு வருகிறாள். அவளை வாய்க்கு வந்தபடி பேசி விரட்டுவது அந்த வீட்டுப் பெண்களே. கதை சொல்கிறவனின் மனைவி அனிதாவுக்குத்தான் இதைச் சகித்துக்கொள்ள முடிவதில்லை. கடைசியில் அவன் காபி ஹவுஸில் உட்கார்ந்திருக்கிறான். ஊருக்குப் போன அனிதா இன்னும் திரும்பவில்லை. அவ்வளவுதான், புத்தகம் முடிந்துவிடுகிறது.

அங்கேயும் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆனால் “யாருக்குத் தெரியும்” என்று சொல்லி நம்மால் எழுந்து போக முடியாது. ஏனென்றால் முன்பு குடியிருந்த சின்ன வீட்டில் எறும்புகளை அவர்கள் கொன்ற விதத்தை நாம் பார்த்திருக்கிறோம். குழம்போடு வந்தவளை என்ன செய்தார்கள் என்று பார்த்திருக்கிறோம். இவர்கள் எதுவரை போவார்கள் என்பது கடைசிப் பக்கத்துக்கு வரும்போது நமக்கே தெரியும். ஆசிரியர் வாயைத் திறக்காமலே அந்தக் குடும்பத்தைக் கூண்டில் ஏற்றிவிடுகிறார்.

இரவுப்பணி

நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தீக்காய வார்டில் பல வருடம். நாவல் அதிகம் படிப்பதில்லை, இதை என் மகள் கொடுத்துப் படித்தேன். வாடகைநூலகம் அம்மா கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெரிய தீக்காயத்தோடு வருகிற பெண் முதல் நாள் நன்றாகப் பேசுவாள். ஆழமாக வெந்த இடத்தில் நரம்பும் சேர்ந்து வெந்திருக்கும், வலிகூட அங்கே குறைவாகத்தான் தெரியும். தண்ணீர் கேட்பாள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்பாள். வெளியே இருக்கிறவர்கள், பேசுகிறாளே, பிழைத்துவிடுவாள் என்று நம்புவார்கள். நாலைந்து நாளில் கிருமித்தொற்று ஏறும், சிறுநீரகம் கெடும், பேச்சு குழறும். நாவலில் நடேசன் வாத்தியார் பணத்தை வைத்துக்கொண்டு அல்லாடும்போது எனக்கு அந்த வார்டின் வாடையே மூக்கில் ஏறிவிட்டது.

மரண வாக்குமூலம் எடுக்க மாஜிஸ்திரேட் வருவார். சுயநினைவோடு தெளிவாக இருக்கிறாள் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். கல்யாணமாகி ஏழு வருடத்துக்குள் இறந்துவிட்டால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் உண்டு. சட்டத்தில் வழி இருக்கிறது. வாக்குமூலத்தை நம்பலாம் என்று கோர்ட்டுக்குப் பட்டால் அதை மட்டும் வைத்தே தண்டனை கொடுக்கலாம். ஆனால் அந்தக் கட்டிலில் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ராத்திரி என்னிடம் ஒன்று சொன்னவள், காலையில் மாஜிஸ்திரேட்டிடம் “ஸ்டவ் வெடிச்சிடுச்சு” என்பாள். யாரும் மிரட்டியிருக்க வேண்டும் என்பதில்லை. தான் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். அவன் ஜெயிலுக்குப் போனால் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்ற கணக்கு அவள் தலைக்குள் ஓடும். அம்மா வீட்டில் வைத்துக்கொள்வார்களா, எத்தனை நாளைக்கு வைத்துக்கொள்வார்கள் என்றெல்லாம் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள்.

அதனால் உண்மை தெரியாமல் போவது எப்போதும் விசாரித்தவர்களின் அலட்சியத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். சில நேரம் அந்தப் பெண்ணே எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். அது அவள் கடைசியாகச் செய்த வேலை. அதை எழுத்தாளர் நமக்காக உடைத்துக் காட்டியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது.

அயனாவரம் வாசகன்

அக்கா, இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது. குடும்பத்துக்குத் தெரியாததை நாவலும் சொல்லவில்லை என்று மட்டும்தான் நான் எழுதினேன். தெரியாமல் வைத்தது யார், யாருக்காக வைத்தார்கள் என்ற கேள்வியை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். வட்டத்தில் உங்கள் பதிவைப் படித்துக் காட்டப்போகிறேன்.

தரமணி

எல்லோரும் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துவது ரவி. அவனுக்கும் பேச இடம் கிடைக்கிறது. அவன் வளர்ந்த விதம், படித்த குடும்பம் அவனை ஒரு மனுஷனாக மதிக்காதது, எல்லாம் நியாயமான விஷயங்கள். படிக்கும்போது எனக்கும் அவன்மேல் இரக்கம் வந்தது. அப்படி இரக்கம் வந்த நிமிஷமே, உள்ளே தோல் உரிந்து கிடக்கிறவளை நான் மறந்துவிட்டேனா என்று பயமும் வந்தது.

சிக்கலான பாத்திரம் என்று நாம் கொண்டாடுகிற ஆண்கள் பாதிப் பேர் வீட்டில் கை நீட்டுகிறவர்கள். அவனுக்கு ஏன் கோபம் வருகிறது என்று சொல்ல அத்தியாயம் அத்தியாயமாக இடம் இருக்கிறது. அடி வாங்கியவள் மறுநாள் காலையில் எழுந்து எப்படிப் பால் காய்ச்சினாள் என்பதற்கு ஒரு பத்தி கிடைத்தால் பெரிய விஷயம். இமையத்தை மட்டும் சொல்லவில்லை, பொதுவாகவே சொல்கிறேன்.

இந்த விஷயத்தில் யூமா வாசுகியின் ‘ரத்த உறவு’தான் எனக்கு அளவுகோல். குடித்துவிட்டு வந்து அடிக்கும் அப்பா, அதை வாங்கிக்கொள்ளும் அம்மா, பிள்ளைகள். பிள்ளைகள் நிற்கிற உயரத்திலிருந்தே எல்லாவற்றையும் பார்க்கிறோம். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அப்பாவின் மனக்காயமெல்லாம் தெரியாது, கை ஓங்குவது மட்டும்தான் தெரியும். அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

வில்லிவாக்கம் 49

தரமணி, நீங்க சொல்றது புரியுது. ஆனா நான் அந்தப் பிள்ளைங்கள்ல ஒருத்தன். எங்க அப்பா ஃபாக்டரி வேலை, சம்பள நாள்ல வீட்டுக்கு வர்றப்போ நாங்க யாரும் முழிச்சிட்டிருக்க மாட்டோம், முழிச்சிட்டிருந்தாலும் கண்ண மூடிட்டுப் படுத்திருப்போம். ‘ரத்த உறவு’ படிச்சப்போ ஒவ்வொரு பக்கமும் எங்க வீடுதான். ஆனா நான் அதுல தேடினது வேற. இந்த மனுஷன் ஏன் இப்படி ஆனார்னு எங்கயாவது வந்துடாதான்னு தேடித் தேடிப் படிச்சேன். எனக்குப் போதுமான பதில் கிடைக்கல. எங்க அப்பாகிட்டயும் கிடைக்கல, அவர் போயிட்டார்.

அவர் பண்ணதுக்கு நியாயம் தேடறேன்னு நினைக்காதீங்க. எங்க அம்மா பட்டதை நான் மறக்கவே மாட்டேன். காரணம் தெரிஞ்சா அந்தப் பழக்கம் எனக்குள்ள எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கலாமேன்னு ஒரு தவிப்பு. எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க. அடிக்கிறவனோட மனசுக்குள்ள போய் எழுதுற நாவல் எனக்கு வேணும். அவனை மன்னிக்கிறதுக்கு இல்ல. எனக்கு எச்சரிக்கையா இருக்கிறதுக்கு.

தரமணி

அண்ணா, இப்படி ஒரு வாசகர் இருப்பார் என்று நான் யோசிக்கவில்லை. அடி வாங்கியவளுக்கும் அதே அளவு பக்கம் வேண்டும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற அந்தப் புத்தகம் எழுதப்பட வேண்டும்.

மேற்கு மாம்பலம்

எல்லோரும் புதிய நாவல்களைச் சொல்கிறீர்கள். திறந்த முடிவு நம் ஊருக்குப் புதிதே இல்லை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ 1973. சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், விடியுமுன்னே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பெண்கள். ஜமுனா, அவள் தங்கை சாயா. சினிமா ஆசை காட்டி ஜமுனாவைப் பயன்படுத்திக்கொள்ளும் பாஸ்கர் ராவ். சாக நினைத்த ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைச் சொல்லும் இடம் இருக்கிறதே, இன்றைக்கு எடுத்துப் படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாத பேச்சு. அதைக் கேட்டுவிட்டு ஜமுனா எழுந்துகொள்கிறாள். வாழ்க்கை சரியாகிவிடுவதில்லை, அவள் சிக்கல் எதுவும் அவிழ்வதில்லை. ஆனால் முதல் பக்கத்தில் பார்த்த ஜமுனா கடைசிப் பக்கத்தில் இல்லை.

என்னுடைய கணக்கு இவ்வளவுதான்: சம்பவம் முடியாமல் நிற்கலாம், ஆள் அப்படியே நிற்கக்கூடாது. இப்போது வருகிற சில நாவல்களில் முதல் அத்தியாயத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெறிக்கிற ஆள், கடைசி அத்தியாயத்திலும் அங்கேயே உட்கார்ந்து வெறிக்கிறார். நடுவில் இருநூறு பக்கம் போய்விட்டது. அதைத் திறந்த முடிவு என்று அட்டையில் போட்டுக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூடுவாஞ்சேரி லோக்கல்

மாம்பலம் சார் சொன்னதை வைத்துப் பார்த்தால் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2010-இல் வந்த புத்தகம். திருச்செங்கோட்டுப் பக்கம் குழந்தையில்லாத தம்பதி காளியும் பொன்னாவும். புத்தகம் எதிர்ப்பில் சிக்கி, வழக்காகி, 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது வரைக்கும் நாடே பேசியது. பிள்ளைக்காகப் பொன்னாவை வேறொரு ஆணோடு சேர வீட்டார் அனுப்பி வைக்கும் அந்தத் திருவிழா இரவைப் பற்றியே எல்லாப் பேச்சும் இருந்தது. கடைசிப் பக்கத்தைப் பற்றிப் பேசியவர்களைத் தேட வேண்டியிருந்தது. பொன்னா போய்விட்டாள் என்று தெரிந்ததும் காளி திரும்பிவந்து பூவரச மரத்தை அண்ணாந்து பார்க்கிறான். அவன் சாகப்போகிறானா என்று சொல்லாமலே நாவல் அங்கே முடிகிறது.

பிறகு பெருமாள்முருகன் செய்ததுதான் என்னை ஆச்சரியப்படுத்துவது. அந்த முடிவிலிருந்து இரண்டு நாவல்கள் எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிட்டான். ‘அர்த்தநாரி’ நாவலில் பிழைத்துக்கொள்கிறான். இரண்டையும் தனித்தனியாகவே படிக்கலாம். முடிவைத் திறந்து வைத்துவிட்டு ஓடவில்லை, இரண்டு வாசல் வழியாகவும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். என் நண்பர்கள் சிலர் இதனால் முதல் நாவலின் கடைசிப் பக்கம் பலவீனமாகிவிட்டது என்கிறார்கள். உங்களுக்கு எப்படி?

வாடகைநூலகம்

பலவீனமாவதா? எனக்கு இரண்டையும் படித்த பிறகுதான் முதல் புத்தகமே முழுசாகப் புரிந்தது. காளி செத்தானா பிழைத்தானா என்று ஆம்பிளைகள் வாதாடுகிறார்கள். அவன் செத்தாலும் குற்றச்சாட்டு பொன்னா தலையில், பிழைத்தாலும் அவன் கோபம் பொன்னா தலையில். நல்லது நடக்கும் என்று எல்லோருமாகச் சேர்ந்து அனுப்பி வைத்தார்கள். கணக்குத் தீர்க்கும்போது அவள் மட்டும் தனியாக நிற்கிறாள்.

இரவுப்பணி சொன்னதையும் யோசித்தேன். அவள் வாயை மூடிக்கொண்டது அவளுடைய முடிவு என்கிறீர்கள். சரி. அந்த முடிவுக்கு அவளைத் தள்ளியது யார் என்றாவது நாவல் காட்டியாக வேண்டும். ‘செல்லாத பணம்’ அதைக் காட்டுகிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்பா பல வருடம் மகளோடு பேசாமல் இருந்த கதை இல்லையா அது. அந்த வீட்டு வாசல் திறந்திருந்தால் அவள் முன்பே வந்திருப்பாள். ஆனாலும் மாத நாவல் படிக்கிறவர்களை யாராவது இளக்காரமாகப் பேசினால் இதே இடத்தில் வந்து சண்டை போடுவேன்.

தரமணி

அம்மா சொன்ன “வாசல்” சரியான இடம். எனக்கு ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ரேவதியின் பிள்ளைகள். பெரியவர்களுக்குக் கேள்வி, யார் தீ வைத்தது என்பது. அந்தப் பிள்ளைகள் தாத்தா வீட்டில் வளர்ந்தால் அப்பா கொலைகாரன், அப்பாவிடம் வளர்ந்தால் அம்மா தானாகச் செத்தவள். எந்த வீட்டில் சோறு கிடைக்கிறதோ அந்த வீட்டுக் கதையை நம்பியாக வேண்டும். நாவல் முடிந்த பிறகு நடக்கப்போவது இதுதானே? இரவுப்பணி அக்கா, அப்படிப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களானதும் வந்து கேட்டதுண்டா?

இரவுப்பணி

வந்திருக்கிறார்கள் அம்மா. பழைய கேஸ் ஷீட் கிடைக்குமா என்று கேட்டு வருவார்கள். கிடைத்தாலும் அதில் எத்தனை சதவீதம் தீக்காயம், எத்தனை மணிக்குச் சேர்த்தார்கள், யார் கூட்டிவந்தார்கள், என்ன மருந்து ஏற்றினோம் என்பதுதான் இருக்கும். மாஜிஸ்திரேட் எடுத்த வாக்குமூலம் கோர்ட்டுக்குப் போய்விடும். அங்கே போய்க் கேட்கச் சொல்வோம். போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பெரும்பாலும் அவர்கள் என்னிடம் கேட்பது வேறு: அம்மா எங்களைப் பற்றி ஏதாவது கேட்டாளா என்று. அதற்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்திருக்கிறது.

வில்லிவாக்கம் 49

அக்கா, இத யாராவது நாவலா எழுதணும். அந்தப் புள்ள வந்து கேக்குற இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.

அயனாவரம் வாசகன்

அடுத்த மாதம் வட்டத்தில் ‘மாதொருபாகன்’, ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ மூன்றையும் சேர்த்து வைக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒரே கூட்டத்தில் மூன்று முடியாது, இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறோம். பின்னவை இரண்டில் எதை முதலில் படிப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. இங்கே இருப்பவர்களும் வரலாம், வாடகைநூலகம் அம்மா கட்டாயம் வர வேண்டும்.

வாடகைநூலகம்

வருகிறேன். ‘ஆலவாயன்’ முதலில் வையுங்கள். காளி உயிரோடு இருக்கிற புத்தகத்தை முதலில் படித்தால் எல்லோரும் அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள். முதல் கூட்டத்தில் பொன்னாவைப் பற்றிப் பேசி முடியுங்கள். மூன்று புத்தகமும் என்னிடம் இருக்கிறது, இல்லாதவர்கள் திருவல்லிக்கேணிப் பக்கம் வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம். ஓரத்தில் பென்சில் கோடு போட்டிருப்பேன், அழிக்காமல் திருப்பித் தர வேண்டும்.